பச்சைக்கு ஒரு பிள்ளை

“இன்னும் ஒரே ஒரு பச்சை வேணும், அக்கா. ஒண்ணு கிடைச்சாப் போதும், மேடை நிறைஞ்சிடும்.”

“பச்சை என்ன கடையிலயா விக்குது, தம்பி?”

கம்பெனியிலிருந்து வந்திருந்த இளைஞன் சிரித்தான். கெட்டவன் இல்லை, மேலே இருப்பவர்களுக்குப் பயந்தவன், அவ்வளவுதான். அவளை அந்த ஊட்டச்சத்து மையத்தில் எல்லோரும் டேப் அக்கா என்பார்கள். பிள்ளைகளின் மேற்கையில் அவள் சுற்றும் நாடாவில் மூன்று நிறம். சிவப்பு என்றால் ஆபத்து, மஞ்சள் இரண்டுங்கெட்டான், பச்சை என்றால் பிள்ளை தேறிவிட்டது. தேறிய பிள்ளைக்குக் கம்பெனி தரும் சத்துப் பொட்டலம் அன்றோடு நின்றுவிடும்.

“நாளைக்குக் கம்பெனிப் பெரியவர் வர்றார், தேறின பிள்ளைங்களை மேடையில நிறுத்திக் காட்டணும். பச்சை கம்மியா இருந்தா இந்த மையத்தையே விட்டுட்டு வேற இடம் பார்ப்பாங்க. அப்புறம் இங்க ஒரு பிள்ளைக்கும் பொட்டலம் இருக்காது.”

மூலையில் அடுக்கியிருந்த பொட்டலப் பெட்டிகளில் கம்பெனி முத்திரையாகச் சிரித்த முகத்தோடு ஒரு சூரியன். எதிர்க்கடையில் மாலை மாலையாகத் தொங்கிய வறுவல் பாக்கெட்டுகளிலும் அதே சூரியன்தான் சிரித்தது. அந்த வறுவலால் வயிற்றை ரொப்பிக்கொண்டு வரும் பிள்ளைகள் இங்கே சாப்பிட வாயே திறப்பதில்லை. கம்பெனிக் கூட்டம் ஒன்றில் அவள் இதைச் சொன்னாள். நல்ல கருத்து என்றார்கள், டீ கொடுத்தார்கள். அதோடு சரி.

டேப் அக்காவின் கூடப்பிறந்த தம்பி பொண்டாட்டி உள்ளே வந்தாள். இடுப்பில் சின்னவன், கையைப் பிடித்தபடி பெரியவள். பெரியவள் கேட்காமலேயே சட்டைக் கையைச் சுருட்டி நீட்டினாள்.

“மெதுவா, அத்தை. கூசும்.”

நாடாவைச் சுற்றினாள். மஞ்சளும் பச்சையும் சேரும் கோட்டில் மதில்மேல் பூனையாக வந்து நின்றது. விரலைக் கொஞ்சம் தளர்த்தினால் பச்சை, கொஞ்சம் இழுத்தால் மஞ்சள். எப்படிப் பிடித்தாலும் அதைப் பொய் என்று யாரும் சொல்லிவிட முடியாது. பிள்ளையின் சதை அவ்வளவு மெத்தென்று, யார் சொன்னாலும் கேட்பதுபோல் இருந்தது.

“பச்சைதானே, அக்கா?” இளைஞன் அதற்குள் போனைத் தூக்கிவிட்டான். “பாப்பா, இங்க பாரு!”

மகளின் தலைமுடியை ஒதுக்குவதுபோல் தம்பி பொண்டாட்டி குனிந்தாள். அவள் மூச்சு காதில் சுட்டது.

“சின்னவனுக்கு எப்ப அளந்தாலும் பச்சைன்னு சந்தோஷப்படுறீங்களே, அது யாரோட பொட்டலம்னு நினைச்சீங்க? இவளோடதுல பாதியை அவனுக்குத்தான் ஊட்டுறேன். இதுவும் நின்னா ரெண்டுக்கும் நான் எதைக் குடுப்பேன்?”

பெரியவள் கையை நீட்டியபடியே, சொல்லிக்கொடுத்தது மாதிரி, போனைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“கொஞ்சம் இறுக்கிப் பிடிங்க, அண்ணி.”