துடைப்பக்கட்டை ரீல்

எங்கள் கம்பெனி முப்பத்தோரு வருஷத்தில் ஒரு படத்தைக்கூட முழுசாக ஓட்டியதில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. கதவைச் சாத்தப் போகிற நேரத்தில் பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது?

அச்சாபீஸ் மாடியில் ஒரே ஒரு அறை. வேறு யாரும் சீந்தாத படங்களை அண்ணன் மலிவாக வாங்கிக் கொட்டகைகளுக்கு விடுவான். வாய்ப்பந்தல் போடுவது அவன், வேலை முழுக்கத் தங்கச்சி என் தலையில். படம் வந்த அன்றே அதை ஜன்னலோர மேசையில் மாட்டுவோம். கையால் கைப்பிடியைச் சுற்றினால் உள்ளங்கை அகலக் கண்ணாடியில் படம் நகரும். நான் சுற்றுவேன், அண்ணன் "இங்க" என்பான், நான் கத்திரிப்பேன். இரண்டு மணி நேரத்தைத் தாண்டினால் ஒரு நாளைக்கு நாலு காட்சி தேறாது. தவிர, எங்களுக்கு வாய்த்த கொட்டகைகள் எல்லாம் ஊரைத் தாண்டி இருந்தன. கடைசி பஸ்ஸை விட்டால் ஜனங்கள் நடந்துதான் வீடு போக வேண்டும்.

"முடிவு எவனுக்கு வேணும் பாப்பா? பஸ்ஸுதான் வேணும்" என்பான் அண்ணன்.

அப்படிப் பலியானதுதான் ஒரு டைரக்டரின் படம். அவர் எடுத்ததே அது ஒன்றுதான். அதன் கடைசி ரீலில், எல்லாரையும் பறிகொடுத்த ஒருவன் காலி வீட்டைக் கூட்டிப் பெருக்குவான். அறை அறையாக, மூலை முடுக்கு விடாமல். பிறகு சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு நடந்து போய்விடுவான். பத்து நிமிஷம், ஒரு வசனம் கிடையாது.

"பத்து நிமிஷம் துடைப்பக்கட்டையவா பாப்பாங்க? எந்திரிச்சுப் போயிடுவாங்க. வெட்டு" என்றான் அண்ணன். வெட்டினேன். படம் மூன்றாம் நாளே படுத்துவிட்டது.

டைரக்டர் படியேறி வந்து, அந்த ஒரு ரீலையாவது கொடுங்கள் என்று கேட்டார். எரித்தாயிற்று என்று அண்ணன் கூசாமல் சொன்னான். தேடுவதற்குச் சோம்பல், வேறொன்றுமில்லை. ரீல் என் காலடியில், மேசைக்குக் கீழே இருந்தது. காலால் தள்ளி அதை இன்னும் உள்ளே விட்டேன். அவர் இறங்கிப் போனார். அதன் பிறகு சினிமா இருக்கிற திசையிலேயே அவர் தலைவைத்துப் படுக்கவில்லை. ஒரு மரக்கடையில் கணக்கெழுதப் போய்விட்டதாகக் கேள்வி.

அடுத்த வருஷம் அண்ணனுக்கு ஒரு படம் வந்து வாய்த்தது, முடிவே இல்லாமல். தயாரிப்பாளர் பாதியில் கையை விரித்துவிட்டார். கதாநாயகன் அதே ஆள், அதே மீசை. அண்ணன் மேசைக்குக் கீழே பார்த்தான், என்னைப் பார்த்தான். அந்த ரீலை எடுத்து முடிவாக ஒட்டினேன். சட்டை நிறம் மாறியதை ஒருத்தரும் கேட்கவில்லை. அந்தப் படம்தான் நூறு நாள் ஓடியது. எங்கள் கம்பெனிக்குப் பேர் சொல்ல இருப்பது அது ஒன்றுதான். அதன் சுவரொட்டிக்குப் பக்கத்தில்தான் இன்றைக்கு அண்ணன் படம் மாலையோடு தொங்குகிறது. அவன் போய் நாலு வருஷம் ஆகிறது. இந்த மாதக் கடைசியில் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். எனக்கும் போதும் போதும் என்றாகிவிட்டது.

திங்கட்கிழமை பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தபோது ஓர் அம்மாள் மூச்சு வாங்க வந்து நின்றாள்.

"அக்கா, நான் அந்த டைரக்டரோட சம்சாரம். அவருக்குக் கண்ணு போயிட்டிருக்கு. இன்னும் ரெண்டு வாரந்தான், அப்புறம் ஒண்ணும் தெரியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. என்ன பாக்கணும்னு கேட்டேன். பேரன் பேத்தியச் சொல்வாருன்னு நெனச்சேன். அந்தக் கடைசி ரீலுங்கிறாரு. எரிச்சாச்சுன்னு உங்க அண்ணன் சொன்னாராம். இருந்தாலும் மனசு கேக்கல, ஒரு வார்த்த கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

ஆமாம், எரித்தாயிற்று என்று சொல்லியிருக்கலாம். அவளும் போயிருப்பாள், அண்ணன் பேரும் கெடாமல் இருந்திருக்கும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. உட்காரச் சொல்லி, ஒன்று விடாமல் கொட்டிவிட்டேன்.

அவள் அழவில்லை. கோபம்தான் வந்தது.

"நூறு நாளா? ஊரே பாத்துச்சா? எங்க வீட்ல இத்தன வருஷமா எழவு விழுந்த மாதிரி இருந்தாரே மனுசன்! ஒரு கடுதாசி போட்டா உங்க கை தேஞ்சா போயிடும்?"

"தேயாது. பயந்தேன். அப்புறம் மறந்துட்டேன்" என்றேன். அதுதான் உண்மை.

"நாளைக்குக் கூட்டிட்டு வரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினாள்.

அன்று சாயங்காலமே அந்த நூறு நாள் படத்தின் பெட்டியைப் பிரித்து, நான் ஒட்டிய இடத்தைத் தேடிப் பிடித்து, என் கையாலேயே பிரித்தெடுத்தேன். ஓரமெல்லாம் கீறல், நடுவில் நாலைந்து இடத்தில் ஒட்டு. ஆனால் முழுசாக இருந்தது.

மறுநாள் டைரக்டர் சம்சாரத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறி வந்தார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். மேசை எங்கே என்று மட்டும் கேட்டார். கண்ணாடியில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்துகொண்டார். நான் கைப்பிடியைச் சுற்றினேன். சத்தம் கிடையாது. சக்கரம் மட்டும் கிறீச்சிட்டது.

"இப்ப ஜன்னலுக்குக் கீழ கூட்டுவான்... இப்ப நிமிந்து பாப்பான்" என்று படம் வருவதற்கு முன்பே சொல்லிக்கொண்டு வந்தார். ஒன்றுகூடத் தப்பவில்லை. என் தோள்பட்டை விண்விண்ணென்று தெறித்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. சாவி பூட்டிலேயே நின்றது, அவன் நடந்து போனான், ரீல் தீர்ந்தது.

மெல்ல நிமிர்ந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் இருக்கிற பக்கம் குத்துமதிப்பாகத் திரும்பினார்.

"ஏம்மா, அந்த நூறு நாள்ல நீ கொட்டகைக்குப் போய்ப் பாத்தியா?"

"பாத்தேங்க. முத நாளே, பின்னால நின்னு."

"இது ஓடும்போது... கடைசி பஸ்ஸுக்கு எந்திரிச்சுப் போனாங்களா?"

"ஒருத்தரும் எந்திரிக்கலீங்க" என்றேன். "பஸ்ஸுதான் காத்துக்கிட்டு நின்னுச்சு."