தேங்காய் நிமிர்ந்த இடம்

1
இந்தக் கதை பிறந்தது ஒரு பொய்யில். எழுமலைப் பக்கம் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்த்துச் சொல்பவன் நான். உள்ளங்கையில் படுத்திருக்கும் தேங்காய் நிமிர்ந்தால் அடியில் தண்ணீர். நாற்பது வருடமாக அதை நிமிர்த்துவது என் கட்டைவிரல்.

(முதலில் எழுதிய தொடக்கம்: “ஒருநாள் என் தேங்காய் கையிலிருந்து குதித்து உசிலம்பட்டி பஸ்ஸில் ஏறியது. சீட்டு எடுக்கவில்லையென்று கண்டக்டர் இறக்கிவிட்ட இடத்தில் நானூறு அடியில் தண்ணீர்.” இதை நம்பியவர்கள் உண்டு. அதனால்தான் அடித்துவிட்டேன்.)

2
போன பங்குனியில் பேயாண்டி தன் தோட்டத்துக்குக் கூப்பிட்டான். நல்ல வெயில். வரப்போரம் ஒரு வேம்பு. அதன் நிழல் வந்ததும் தேங்காயை நிமிர்த்தினேன். வேறு காரணம் இல்லை. அங்கே போர் போட்டதில் அறுநூறு அடியில் தண்ணீர் பீய்ச்சியடித்தது.

“அண்ணே, நீங்க மனுசரே இல்ல!” என்றான் பேயாண்டி.

வரப்புக்கு அந்தப் பக்கம் சுந்தரம்மாளின் கிணறும் மல்லிகைத் தோட்டமும்.

3
வைகையை விட்டு விலகினால் மேலே கொஞ்சம் மண், கீழே பாறை. பாறையின் வெடிப்புகளில்தான் தண்ணீர்.* ஒரே வெடிப்பை இருவர் இறைத்தால் ஆழத்தில் இறைப்பவருக்கே கிடைக்கும். மூன்றாம் மாதம் சுந்தரம்மாளின் கிணறு வற்றியது. அப்போது நான்—

இந்த வாக்கியத்தை நான்கு முறை தொடங்கிவிட்டேன். அப்போது நான் ஒன்றும் சொல்லவில்லை.

* இது தேங்காய் சொன்னதல்ல. கருவியோடு ஆய்வுக்கு வந்த ஒரு பெண் சொன்னது. சுந்தரம்மாள் நிலத்தில் அந்த ஒரு வெடிப்பைத் தவிர மற்றதெல்லாம் வெடிப்பில்லாத பாறை என்றும் சொன்னார்.

4
திங்களன்று சுந்தரம்மாள் தேங்காயோடு வந்தார். (அவரைக் கோபக்காரியாக எழுதிப் பார்த்தேன், எனக்கு வசதியாக இருந்தது. உண்மையில் எனக்கு மோர் கொண்டுவந்திருந்தார்.)

“அண்ணே, எங்காட்டுலயும் ஒரு எடம் பாருங்க. மாட்ட வித்தாச்சு. போர் வண்டி வெள்ளிக்கெழம வருது.”

“கெணத்துல எம்புட்டுத் தண்ணி கெடக்கு?”

“தவள கூட இல்லண்ணே. பேயாண்டிக்குப் பாத்த கை, எனக்கு மட்டும் வஞ்சகம் பண்ணுமா?”

5
முடிவு ஒன்று: உண்மையைச் சொல்கிறேன். சுந்தரம்மாள் நம்பவில்லை, பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர் ஓடுகிறதே.

முடிவு இரண்டு: நிமிர்த்துகிறேன். எண்ணூறு அடிக்கும் வெறும் பாறைத்தூள்.

முடிவு மூன்று: பேயாண்டி வாரம் இரண்டு நாள் அவருக்குத் தண்ணீர் விடுகிறான். (எழுதியபிறகுதான் உறைத்தது: அவனிடம் இதுவரை யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியவன் நான்.)

6
வெள்ளி காலை. பேயாண்டி தோட்டத்தில் நிற்கிறேன்.

“என்னண்ணே இம்புட்டு வெரசா? ரெண்டாவது போருக்கு எடம் பாக்கவா?”

“இல்ல பேயாண்டி, அந்தச் சுந்தரம்மா...”

“சத்தமாச் சொல்லுங்கண்ணே, மோட்டாரு ஓடுதுல்ல!”

வாசகரே, மீதியை நீங்கள் சொல்லுங்கள். சத்தமாக. போர் வண்டி சாலையிலிருந்து சுந்தரம்மாள் தோட்டத்துக்குள் திரும்பிவிட்டது.