கீறல் இல்லாத ஹெல்மெட்

"ஒரு கீறல்கூட இல்லையேம்மா. நீங்களே பாருங்க."

கம்பெனி வக்கீல் அந்த மஞ்சள் ஹெல்மெட்டை மேசைமேல் உருட்டிக் காட்டினார், பூசணிக்காய் விற்பவரைப்போல.

"பாத்தாச்சு சார். கீறலெல்லாம் எங்க வீட்டுக்காரர் தலையில இருக்கு. உள்ள கூப்பிடவா? தடவிப் பாக்கறீங்களா?"

பக்கத்து நாற்காலியில் இருந்த என் அண்ணன் செருமினான். "வாயக் கொஞ்சம் அடக்கு. பெரியவங்ககிட்ட பேசறோம்."

அண்ணன் இந்தக் கட்டட வேலையில் சாரம் கட்டும் ஆட்களுக்கு மேஸ்திரி. என் கணவர் அவனிடம் வேலை பார்த்தவர். "இவன் எவ்வளவு உயரத்துல நின்னாலும் கால் நடுங்காது, நம்பிக் குடுக்கலாம்" என்று சொல்லி என்னைக் கட்டிக்கொடுத்ததும் அவன்தான்.

வக்கீல் ஹெல்மெட்டை நிமிர்த்தி வைத்தார். "மேலேருந்து பைப் விழுந்தப்ப இது தலையில இருந்திருந்தா உடைஞ்சிருக்கணும். கம்பெனி குடுத்துச்சு, அவர் போடல. அதனால நஷ்டஈடுங்கற பேச்சுக்கே இடமில்ல. ஆனா முதலாளிக்கு மனசு கேக்கல பாருங்க. கருணைத் தொகைனு ஏதோ தர்றேங்கறார். ஒரு கையெழுத்து போட்டா போதும்."

கருணை. மாட்டைக் கொன்றுவிட்டுச் செருப்பு தானம் செய்கிற கருணை.

கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப்பக்கம் பெஞ்சில் என் கணவர் கண்களைத் துண்டால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெளிச்சம் அவருக்கு ஆகாது. சாரத்தில் ஒற்றைக் காலை ஊன்றி இரண்டு கையாலும் வேலை செய்வார் என்று கூட இருந்தவர்கள் 'கொக்கு' என்று கூப்பிடுவார்கள். இப்போது கட்டிலைவிட்டு எழுந்தால் சுவரைப் பிடிக்கிறார். மின்விசிறிச் சத்தத்துக்குக் கத்துகிறார். பெற்ற மகளைப் பார்த்து "நீ யார் வீட்டுப் பொண்ணு?" என்று ஒருநாள் கேட்டார். அவள் அழாமல் பதில் சொன்னாள். அதைப் பார்த்து நான்தான் சமையலறைக்குப் போய் அழுதேன். பாத்திரத்தைக்கூடச் சத்தமில்லாமல் கழுவப் பழகிவிட்டோம். அடிபட்ட நாள் அவர் நினைவில் சுத்தமாக இல்லை.

ஆனால் என் நினைவில் ஒரு தலையணை உறை இருக்கிறது.

எத்தனை தடவை துவைத்தாலும் அதில் செம்பழுப்பாய் ஒரு கறை. "தலையில என்ன தண்டவாளமா ஓடுது?" என்று திட்டுவேன். "ஹெல்மெட்லதான்டி நட்டு போல்ட்டு அள்ளிக்கிட்டு மேல ஏறறோம்" என்பார் அவர். "பை கேட்டோம். பை எதுக்கு, ஆளுக்கொரு சட்டி குடுத்திருக்கோமேங்கறார் உங்கண்ணன்." அதே பேச்சை அண்ணனும் என் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே சொல்லியிருக்கிறான், பெரிய நகைச்சுவைபோல. மச்சானும் மாப்பிள்ளையும் புரையேறச் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே குழம்பு ஊற்றினேன். அதை நினைத்தால் என் கையையே வெட்டிப்போடலாம்போல் இருக்கிறது.

நான் ஹெல்மெட்டை இழுத்து மல்லாக்கத் திருப்பினேன். உள்ளே விரலால் தேய்த்து வக்கீலின் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"இது என்ன சார்?"

"அழுக்கு. வேர்வை."

"எந்த மனுசனுக்கு சார் வேர்வையில துரு வரும்? அவர் போடாம இல்ல. கழட்டி, அதுல போல்ட்டு அள்ளி, அக்குள்ல இடுக்கிக்கிட்டு ஏணியில கால் வச்சப்பதான் பைப் விழுந்துச்சு. இங்க எல்லாரும் அப்படித்தான் ஏறுவாங்க. அப்படி ஏறச் சொன்னதே நீங்கதான்."

"நாங்களா?" வக்கீல் சிரித்தார். "எந்தக் கம்பெனிம்மா அப்படிச் சொல்லும்? மேஸ்திரி, நீங்க சொல்லுங்க. ஹெல்மெட்ல சாமான் கொண்டுபோற வழக்கம் உண்டா?"

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. "எனக்குத் தெரிஞ்சு... அப்படியெல்லாம் இல்லைங்க. அன்னிக்கு நான் அந்தப் பக்கமே இல்ல."

அன்று கணவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தவனே அவன்தான். சட்டையெல்லாம் ரத்தம். "ஏணியில கால் வச்சவன் என் கண்ணு முன்னாலயே விழுந்துட்டான்" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதவன். இப்போது உண்மையைச் சொன்னால் வேலை போய்விடுமாம். அவனுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்களாம். இருக்கட்டும். என் வீட்டில் இருப்பது என்ன, பூனைக்குட்டியா?

கையெழுத்துக் காகிதத்தை வக்கீல் என் பக்கம் தள்ளினார். பேனாவின் மூடியையும் அவரே கழற்றி வைத்தார்.

பல்லைக் கடித்துக்கொண்டு அண்ணன் பக்கம் திரும்பினேன். அப்போதுதான் அவன் மடி கண்ணில் பட்டது. மேஸ்திரிகளுக்கு வெள்ளை ஹெல்மெட். அறைக்குள் வந்ததும் அதைக் கழற்றியவன், கை பழகிய பழக்கத்தில், மல்லாக்க மடியில் வைத்திருந்தான். அதற்குள் அவன் சாவிக்கொத்து, செல்போன், அளவு டேப், ஒரு பிடி போல்ட்டு.

வக்கீலும் நான் பார்த்த இடத்தைப் பார்த்தார். அவர் சிரிப்பு நின்றது. அண்ணன் குனிந்து பார்த்துவிட்டு அவசரமாக இரண்டு கைகளாலும் அதை மூடினான். உள்ளே இரும்பு உரசியது.

எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. வெளியே அவர் இருக்கிறார், சத்தம் ஆகாது. குரலைத் தாழ்த்தினேன்.

"மூடாதண்ணே. எனக்கு நீ பணம் காசு எதுவும் தர வேண்டாம். அவரை நீதான் வேலைக்குக் கூட்டிட்டு வந்தே, நீதான் தூக்கிட்டு ஓடுனே. அவருக்கு ஞாபகம் இல்ல, உனக்கு இருக்கு. அன்னிக்கு அவர் ஹெல்மெட்ல என்ன இருந்துச்சு, அள்ளிக்கிட்டு ஏறுங்கனு யார் சொன்னா, அதை மட்டும் இவர்கிட்ட உன் வாயால சொல்லுண்ணே."