காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை

கணவர் சத்தியராஜ் கைப்பேசியை முகத்துக்கு நேரே நீட்டியபோது புஷ்பபாய் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் குட்டை பெஞ்சில் முழங்கால்கள் நெஞ்சில் முட்ட உட்கார்ந்து நனைந்த துண்டொன்றைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"எட்டீ, இது நீயில்லியா?"

அவள்தான். முன்நெற்றியில் ஒட்டிக்கிடந்த நரைமுடிகூடத் தெளிவாகத் தெரிந்தது. படத்தில் அவள் அழுதுகொண்டிருந்தாள். கண்ணீர் மூக்கின் ஓரம்வரை வந்து அங்கேயே தயங்கி நின்றது. கீழே சிவப்புப் பட்டையில் மலையாள எழுத்துகள் ஓடின: நிவாரண முகாமில் பட்டினி. அதற்கும் கீழே அவளே சொன்ன வாசகம்: காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. படம் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. மறுபடியும் அந்தக் கண்ணீர் அதே இடத்தில் வந்து நின்றது.

"தின்னேல்லன்னு எதுக்குட்டீ செல்லின?" சத்தியராஜ் நரம்பு புடைத்த தன் வலது காலை ஒரு மேசைமேல் தூக்கி வைத்திருந்தார். சாரத்தில் ஏறி இறங்கிச் சுவர் கட்டிய கால். "நான் ரெண்டு மட்டம் உப்புமா வாங்கித் தின்னேன். எல்லாவனும் கண்டான். இனி எனக்க மொகத்தக் கொண்டு எங்க வைக்க?"

அவள் சொன்னது பொய்யில்லை. சங்கடமே அதில்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமைகளில் பிற்பகல் இரண்டு மணிவரை புஷ்பபாய் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் உபவாசம் இருப்பாள். சபைக்கோயிலில் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் பாயில் உட்கார்ந்து ஜெபிப்பார்கள். மகள் லிஷாவுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம். துபாயில் நர்ஸ் வேலை. பிள்ளை இல்லை. ஐந்து வருஷத்து வெள்ளிக்கிழமைகளை அவள் அதற்கென்று கொடுத்திருந்தாள். இந்த வாரம் ஓடை கரை உடைத்து, ஏலா வயலிலிருந்த மரச்சீனிக் கிழங்கையும் வாழையையும் மூழ்கடித்து, வீட்டுக்குள் கட்டில் உயரத்துக்குத் தண்ணீர் வந்து, மூன்று நாளாக கேரளத்து எல்லை ஊரின் இந்தப் பள்ளிக்கூட முகாமில் தொண்ணூறு பேரோடு கிடக்கும்போதும் அவள் அதை விடவில்லை. கோயில் படிவரை தண்ணீர் நின்றதால் இன்று காலை வராந்தாவின் ஓரத்திலேயே தனியாக உட்கார்ந்து ஜெபித்தாள். மற்றவர்கள் உள்ளே உப்புமா தின்றுகொண்டிருந்தார்கள்.

தனியாக உட்கார்ந்திருந்ததால்தான் டிவி சானலிலிருந்து வந்த பெண் நேராக அவளிடம் வந்தாள். லிஷாவின் வயதுதான் இருக்கும். மழைக்கோட்டின் தொப்பியிலிருந்து தண்ணீர் வடிய, ஒலிவாங்கியைப் பிளாஸ்டிக் உறைக்குள் பொதிந்து பிடித்திருந்தாள். கூட ஒருவன் கேமராவோடு நின்றான்.

"சேச்சி, காலத்து எந்தெங்கிலும் கழிச்சோ?"

காலையில் ஏதாவது சாப்பிட்டாயா என்று யாரும் யாரிடமும் கேட்பதுதான். புஷ்பபாய் யாரிடமும் சொல்வதைப்போலச் சொன்னாள். "இல்ல மோளே. ஒண்ணும் சாப்பிடேல்ல."

அந்தப் பெண்ணின் முகம் மாறியதை அவள் பார்த்தாள். ஒலிவாங்கி ஒரு சாண் முன்னால் வந்தது. கேமராக்காரன் குனிந்தான். அவள் அடுத்து என்ன சொல்லப்போகிறாள் என்று இரண்டு பேர் மூச்சைப் பிடித்துக் காத்திருந்தார்கள். ஐம்பத்துநாலு வயதுக்குள் அவள் வாயை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. முந்திரிக்கொட்டை உடைக்கும் அண்டியாபீசில் மேஸ்திரி அவள் கையைத்தான் பார்ப்பார். வீட்டில் யாரும் எதையும் பார்ப்பதில்லை. அந்தப் பெண் மெதுவாக, பெற்ற மகளைப்போலத் தோளில் கைவைத்து, "வீடு போச்சா சேச்சி?" என்று கேட்டாள். புஷ்பபாய்க்கு அழுகை வந்தது. வீட்டுக்காகவும் லிஷாவுக்காகவும், எதற்கென்று தெரியாத வேறெதற்காகவும் அழுதாள்.

உபவாசம் என்ற ஒரு வார்த்தை அப்போது நாக்கில் இருந்தது. அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதைச் சொல்லியிருந்தால் அந்தக் கை தோளிலிருந்து எடுபட்டிருக்கும்.

பிற்பாடு அவள் தனக்குத்தானே பல காரணங்கள் சொல்லிப் பார்த்தாள். உபவாசத்தை மனுஷருக்குக் காட்டக்கூடாது என்று வேதத்தில் இருக்கிறது. லிஷாவின் குறையை ஊரறியச் சொல்ல வேண்டாம் என்று நினைத்திருக்கலாம். எல்லாமே நல்ல காரணங்கள். ஆனால் அந்த நேரத்தில் ஒன்றுகூட அவள் மனதில் இல்லை. நேற்று மாலையில்தான், அணை உடைந்தது என்று வாட்சப்பில் யாரோ கிளப்பிவிட்டு ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு குன்றுக்கு ஓடியபோது, இதே வராந்தாவில் நின்று, "இல்லாததச் செல்லுதவனுக்க நாக்கு அழுவிப் போவும்" என்று உரக்கச் சபித்தவள் அவள்.

பன்னிரண்டு மணிக்கு லிஷா கூப்பிட்டாள். அழுதுகொண்டிருந்தாள். "அம்மே, சோறு தரமாட்டேங்கினுமா? இஞ்ச ஆஸ்பத்திரியில எல்லாரும் கண்டாவ. நான் ஸ்டேட்டஸ் போட்டிருக்கேன்."

"நான் நல்லாருக்கேன் மோளே."

"நல்லா இருக்குதவளா அப்பிடி அழுவா?"

வெள்ளிக்கிழமை என்று சொன்னால் போதும். ஆனால் போன லீவுக்கு வந்தபோது, எனக்காக நீ இனிப் பட்டினி கிடக்காதே, எனக்கு அது குத்திக்காட்டுவதுபோல இருக்கிறது என்று லிஷா சொல்லியிருந்தாள். விட்டுவிட்டேன் என்று புஷ்பபாயும் சொல்லியிருந்தாள். போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பிறகு லைன் வெட்டிப்போயிற்று.

அதற்குள் வேன்கள் வரத்தொடங்கிவிட்டன. நெய்யாற்றின்கரையிலிருந்து ஒன்று, களியக்காவிளைப் பக்கமிருந்து இரண்டு. ரொட்டிப் பாக்கெட்டுகளும் தண்ணீர் பாட்டில்களும் மூன்றாம் வகுப்பில் ஜன்னல் உயரத்துக்கு அடுக்கப்பட்டன. வந்தவர்கள் எல்லோரும் அந்தச் சேச்சி எங்கே என்று கேட்டார்கள். வகுப்பறையில் படுத்திருந்த ராஜபாய்க் கிழவி எழுந்து உட்கார்ந்து, "வழி விடுங்கோ, டிவிக்காரி வாறா" என்றாள். சிலர் சிரித்தார்கள். "மூணு நேரமும் தின்னுட்டு நாம வயிறு உப்பிக் கெடக்கோம். அவளுக்கு மட்டும் பட்டினி. அது ஒரு பாக்கியமாக்கும்" என்று ஒருத்தி ஜாடையாகச் சொன்னாள். புஷ்பபாய் துண்டை மறுபடி பிழிந்தாள். அதில் தண்ணீர் இல்லை.

சிரிக்காதவர்கள் சமையல் செய்யும் பெண்கள்தான். அவர்கள் குடும்பஸ்ரீ மகளிர் குழுக்காரிகள், ஏழு பேர். விடிவதற்கு முன்பே வந்து ஈர விறகோடு மல்லாடி மூன்று நாளாக வடித்துக்கொட்டுகிறவர்கள். அவர்களுக்குத் தலைவியாக இருந்த விஜயம்மா புஷ்பபாயின் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருப்பவள். அவள் வீட்டுக்குள்ளும் தண்ணீர்தான். அண்டியாபீசில் இருபது வருஷம் இருவரும் அடுத்தடுத்த பலகையில் உட்கார்ந்து ஒரே முந்திரி எண்ணெயில் கை கறுத்தவர்கள்.

முகாம் பொறுப்பில் இருந்த அஜேஷ் ஒரு மணிவாக்கில் வராந்தாவுக்கு வந்தான். வில்லேஜ் ஆபீசில் புதிதாகச் சேர்ந்த பையன். தனுவச்சபுரத்தில் வீடு. மூன்று நாளாக அதே சட்டை. போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்து எடுத்து, "சார்... இல்ல சார்... உண்டு சார்" என்று சொல்லிச் சொல்லி அவன் குரல் தேய்ந்துபோயிருந்தது.

"மாமி," என்றான். கோபமில்லாமல்தான் கேட்டான். "தாலூக்கில கேக்குதாவ. நான் எந்து செல்லணும்? நீங்களே செல்லித் தாருங்க."

அவள் அவன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வார் அறுந்து பின்னூசி குத்தியிருந்தது.

"அவளுக்கு வெள்ளியாச்ச உபவாசமாக்கும், அஜேஷே." சமையல் கொட்டகையிலிருந்து விஜயம்மா வந்தாள். கையில் ஒரு எவர்சில்வர் தட்டு, அதன்மேல் இன்னொன்று கவிழ்த்து மூடியிருந்தது. "இண்ணைக்கு நேற்றைக்கா? எத்தற வருஷமாட்டு உண்டு. இன்னா பாரு, அவளுக்குள்ள பங்கு. ரெண்டு மணி ஆவட்டும்னு மாத்தி வச்சிருக்கேன்." மூடியைத் திறந்து காட்டினாள். உப்புமா. பக்கத்தில் ஒரு பாளையங்கோடன் பழம்.

அஜேஷ் தட்டைப் பார்த்தான். பிறகு புஷ்பபாயைப் பார்த்தான். "மாமி, இத அவியகிட்டச் செல்லேல்லியா?"

"அவிய கேக்கேல்ல மக்கா."

சொன்னபிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. விஜயம்மா தட்டை மறுபடி மூடி பெஞ்சின் மேல் வைத்தாள். "கேக்கேல்லியாம்," என்றாள் யாரிடமோ சொல்வதுபோல. புகையில் சிவந்த கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டு திரும்பிப் போனாள். அவள் ஒரு வார்த்தை ஏசியிருந்தால் புஷ்பபாய் திருப்பி ஏசியிருப்பாள். இருவரும் அப்படித்தான் இருபது வருஷம் இருந்தார்கள்.

இரண்டு மணிக்கு அவள் அந்தத் தட்டைத் திறந்தாள். உப்புமா ஆறி இறுகியிருந்தது. இஞ்சியும் பச்சைமிளகாயும் கடிபட்டன. நன்றாக இருந்தது. முந்தின நாள் ராத்திரிக்குப் பிறகு ஒன்றும் போகாத வயிறு, அவளுடைய வெட்கத்தை ஒரு பொருட்டாகவே எண்ணாமல் வாங்கிக்கொண்டது. வேகவேகமாகத் தின்றாள். விரலை நக்கியபிறகு யாராவது பார்க்கிறார்களா என்று நிமிர்ந்தாள்.

மூன்று மணிக்கு வேறொரு சானல் வந்தது. புஷ்பபாய் தானாகவே எழுந்து முன்னால் போனாள். எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனாள். அஜேஷ், அவள் பாதியில் நிறுத்திவிடுவாளோ என்ற பயத்தில், பக்கத்தில் வந்து நின்றான். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. அவள் சொன்னாள். சாப்பாடு உண்டு, மூன்று நேரமும் உண்டு, எனக்கு உபவாசம், அதனால் காலையில் தின்னவில்லை, பிழை என்னுடையது. கேமராவைப் பார்த்துச் சொல்லத்தான் நினைத்தாள். அந்தக் கண்ணாடிக் கண்ணைப் பார்க்கக் கூசியது. சொல்லும் நேரம் முழுக்கத் தலையைக் குனிந்து, இடையிடையே அஜேஷின் முகத்தையே பார்த்தாள். மன்னிப்பு அவனிடமல்லவா கேட்க வேண்டும். பேட்டி எடுத்தவர் புரிந்ததென்று மரியாதையாகத் தலையாட்டினார். "மனசிலாயி சேச்சி," என்றார்.

ஆறு மணிச் செய்தியில் அவளுடைய இரண்டு முகங்களையும் அடுத்தடுத்து வைத்தார்கள். காலையில் அழும் முகம், மாலையில் குனிந்த முகம். அஜேஷைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் வரைந்திருந்தார்கள். அவள் ஒவ்வொரு முறை அவனை நிமிர்ந்து பார்க்கும்போதும் படத்தை நிறுத்தி நிறுத்திக் காட்டினார்கள். பட்டினி என்று சொன்ன பெண் மிரட்டப்பட்டாரா? கேள்விக்குறி போட்டிருந்தது. மிரட்டினார்கள் என்று யாரும் நேராகச் சொல்லவில்லை. கோட்டும் டையுமாக நாலு பேர் கட்டங்களுக்குள் உட்கார்ந்து, அவள் பெயரைத் தப்பாக உச்சரித்து, அவளுக்காகச் சண்டை போட்டார்கள்.

சத்தியராஜ் போனை அணைத்துக் கவிழ்த்து வைத்தார். "நீ இனி வாயத் தொறக்காத," என்றார். அதட்டலாக இல்லை. களைத்துப்போன குரல்.

மறுநாள் காலை மழை விடவில்லை. அஜேஷுக்குப் பதில் வேறொருவர் வந்திருந்தார். செய்தியைப் பற்றிய விசாரணை முடியும்வரை முகாமில் சமையல் வேண்டாம், வெளியிலிருந்து வரும் பொட்டலங்களே போதும் என்று மேலிருந்து உத்தரவு. கொட்டகையில் அடுப்புக் கற்கள் நனைந்து கிடந்தன. குடும்பஸ்ரீக்காரிகள் விறகை ஓரமாக அடுக்கிவிட்டு, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்து, ஒவ்வொருத்தியாக இறங்கிப் போனார்கள். யாரும் வராந்தாப் பக்கம் திரும்பவில்லை.

புஷ்பபாயை ஒரு கூட்டம் வளைத்துக்கொண்டது. எங்கிருந்தோ காரில் வந்த வாலிபர்கள். மரியாதை தெரிந்த பிள்ளைகள். ஒருவன் அவள் கையில் ரொட்டிப் பாக்கெட்டைக் கொடுத்து, தானும் அதன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டான். "சேச்சி, ஒந்நு இங்கோட்டு நோக்கிக்கே," என்றான் எதிரே போனோடு நின்றவன். அவள் அங்கே பார்த்தாள். பிறகு அவனுடைய தோளுக்கு மேலே, கேட்டுக்கு வெளியே பார்த்தாள்.

விஜயம்மா கடைசியாகப் போய்க்கொண்டிருந்தாள். குடை இல்லை. உப்புமா கிண்டிய பெரிய அலுமினியப் பாத்திரத்தை இரண்டு கையாலும் தூக்கித் தலைக்குமேல் கவிழ்த்துப் பிடித்திருந்தாள். முகம் தெரியவில்லை. தோள்வரை பாத்திரம், அதற்குக் கீழே நனைந்த சேலை, கணுக்கால் தண்ணீரில் வைத்து வைத்து எடுக்கும் கால்கள்.

"விஜயம்மா," என்று கூப்பிட்டாள். பாக்கெட்டின் மறுமுனை இன்னும் அவன் பிடியில் இருந்தது. அவள் தன் முனையை விட்டுவிட்டு மழைக்குள் இறங்கினாள். "எடி விஜயம்மா, நில்லுடீ."

பாத்திரத்தின்மேல் மழை விழும் சத்தம் பள்ளிக்கூட வாசல்வரைக்கும் கேட்டது. அதற்குள்ளே இருப்பவளுக்கு அது எவ்வளவு பெரிதாகக் கேட்கும். சாலை தண்ணீருக்குள் இறங்கும் இடத்தில் பாத்திரம் ஒரு நொடி ஆடி நின்றது. பிறகு பின்னால் திரும்பாமல் இடதுபக்கம் வளைந்து, அவள் தலைமேலேயே வெள்ளத்தினூடே மெல்ல மெல்லப் போயிற்று.