நாற்பத்தொரு சத்தங்கள்

லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் எல்லாருக்கும் அவர் காது அண்ணன். ஒரு லிஃப்டில் ஏறி நாலாம் மாடிக்குப் போய் இறங்குவதற்குள், "மேல கப்பியில பேரிங் போகப்போகுது, இன்னும் ரெண்டு மாசம் தாங்கும்" என்று சொல்லிவிடுவார். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் அப்படியே நடந்திருக்கும். எந்த லிஃப்டாவது புதிதாக முனகினால், சட்டைப் பையில் இருக்கும் சின்ன ரெக்கார்டரை எடுத்துப் பதிவு செய்துகொள்வார். கட்டடத்துக்கு ஒரு ஃபோல்டர். ஃபோல்டருக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர். அதற்கு மேல் எழுத அவருக்குப் பொறுமை கிடையாது.

இந்தச் சத்தங்களை ஸ்லைடுகளாகப் போட்டுப் பதினொரு கிளைகளுக்கும் அனுப்பினால் அங்கே இருக்கிற மெக்கானிக்குகளும் பழகிக்கொள்வார்கள் என்று மேனேஜருக்குத் தோன்றியது. பாதிக் கிளைகளில் இன்டர்நெட் பெயருக்குத்தான் இருந்தது. அதனால் சிடியில் அனுப்புவது என்று முடிவாயிற்று. வேலை டைப்பிங் அக்காவிடம் வந்தது. டைப்பிஸ்டாகச் சேர்ந்து இருபது வருடம் ஆகிவிட்டது. டைப்ரைட்டர் போய்க் கம்ப்யூட்டர் வந்து, கடிதம் போய் ஸ்லைடு வந்தாலும் அந்தப் பட்டம் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை.

மூன்று வாரம் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்லைடுகளைச் செய்தார்கள். காது அண்ணன் பழுதைச் சொல்வார், படத்தைக் காட்டுவார், சத்தத்துக்கு மட்டும் யோசிக்கவே மாட்டார்.

"ஆஸ்பத்திரி ஃபோல்டர்ல ரெண்டாவது. அதைப் போடுங்கம்மா."

"ஒரு தடவை கேட்டுப் பாத்துடலாமா அண்ணே?"

"எதுக்கு? எனக்கு மனப்பாடம்."

என்ன ஞாபகசக்தி என்று டைப்பிங் அக்கா வாயைப் பிளந்தார். எந்த ஸ்லைடுக்கு எந்தச் சத்தம் என்று அவரும் எங்கும் எழுதி வைக்கவில்லை.

நாற்பத்தொரு ஸ்லைடும் முடிந்ததும் அக்கா அவற்றை ஒரு சிடியில் ஏற்றி, வரவேற்பறைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார். படம் வந்தது, எழுத்து வந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. ஸ்பீக்கர் பொத்தானை ஒருவர் மாற்றி ஒருவர் திருகினார்கள். அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் அக்காவுக்கு விஷயம் புரிந்தது. ஸ்லைடுக்குள் சத்தம் இல்லை. சத்தம் எங்கே இருக்கிறது என்ற விலாசம்தான் இருந்தது. அந்த விலாசம் அவருடைய மேசைக் கம்ப்யூட்டருக்கு உள்ளேயே முடிந்துவிடுகிறது. வேறு கம்ப்யூட்டர் அங்கே போய்த் தேடினால் வீடு பூட்டிக் கிடக்கும்.

சரி, எல்லாச் சத்தத்தையும் ஒரே ஃபோல்டருக்குக் கொண்டுவந்துவிட்டு, ஸ்லைடையும் சத்தத்தையும் சேர்த்து மூட்டை கட்டிவிடலாம் என்று நினைத்தார். ஒவ்வொன்றாகப் பிரதி எடுத்துப் போட்டார். 'இதே பெயரில் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, மாற்றவா?' என்று கம்ப்யூட்டர் கேட்டது. இந்தக் கம்ப்யூட்டர் எதற்குத்தான் கேள்வி கேட்காது? 'எல்லாவற்றுக்கும் ஆம்' என்பதை அழுத்தினார். ஒவ்வொரு ஸ்லைடையும் புது ஃபோல்டரில் இருந்த அதே நம்பரோடு இணைத்தார். பிறகு சிடிக்கான மூட்டையைக் கட்டும் கட்டளையைக் கொடுத்தார். வரவேற்பறையில் போட்டதும் முதல் ஸ்லைடு சத்தம் போட்டது. வரவேற்பறைப் பெண் கைதட்டினாள்.

பதினொரு பிரதி எடுப்பதற்கு முன்னால் காது அண்ணன் ஒருமுறை சரி பார்க்க வேண்டும் அல்லவா? அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு ஸ்லைடுக்கும் கண்ணை மூடி, தலையை ஆட்டி, தாளில் ஒரு டிக் போட்டார். நாற்பத்தொரு டிக்.

"பிரமாதம். அனுப்பிடுங்க" என்று எழுந்து போனார்.

டைப்பிங் அக்காவுக்குத் தன் வேலையை ஒருமுறை கேட்டுப் பார்க்க ஆசை வந்தது. ஹெட்போனை மாட்டினார். ஒன்பதாவது ஸ்லைடில், 'பேரிங்கில் கிரீஸ் வற்றினால் வரும் கீச்சல்' என்று இருந்தது. காதில் கேட்டதோ கதவு இடிக்கிற சத்தம். டொக், டொக், டொக். பதினான்காவது ஸ்லைடில் பிரேக் உரசல். அங்கேயும் டொக், டொக். இருபத்திரண்டிலும் அதேதான். எல்லா ஃபோல்டரிலும் அதே ஒன்று, இரண்டு நம்பர்கள்தான்; நாற்பத்தொரு சத்தமும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து, கடைசியில் எட்டு மட்டும் மிஞ்சியிருந்தது.

தப்பு தன்னுடையது என்று உடனே தெரிந்துவிட்டது. ஆனால் காது அண்ணன் விட்டுப்போன தாளில் ஒன்பதாம் நம்பருக்கு நேரே அழகாக ஒரு டிக் இருந்தது. கீச்சலுக்கும் டொக்குக்கும் வித்தியாசம் தெரிய மெக்கானிக்காக இருக்கவேண்டியதில்லை. அக்கா அந்தத் தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். அன்று முழுக்க யாரிடமும் சரியாகப் பேசவில்லை.

மறுநாள் காலையில் காது அண்ணனைக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, ஒன்பதாவது ஸ்லைடை ஸ்பீக்கரிலேயே ஓடவிட்டார்.

"இது என்ன சத்தம் அண்ணே?"

அவர் திரையைப் படித்தார். "பேரிங். கிரீஸ் இல்ல."

"எழுத்தைப் படிக்காதீங்க. கேட்டுச் சொல்லுங்க."

வெளியே யாரோ நாற்காலியை இழுத்தார்கள். டைப்பிங் அக்கா மட்டும் திரும்பிப் பார்த்தார்.

"எவ்வளவு நாளா?" என்று கேட்டார், அவருக்கு முகத்தை நேராகக் காட்டி.

"மூணு வருஷம் இருக்கும். முதல்ல கீச்சுச் சத்தமெல்லாம் போச்சு. அப்புறம் ஒவ்வொண்ணா." சொல்லிவிட்டு அவர் கையைப் பார்த்துக்கொண்டார். "பேச்சு கேக்கும்மா, எதிர்ல நின்னு பேசினா. லிஃப்டைக் கையால பாத்துக்கறேன். சுவத்துல கையை வெச்சா தெரிஞ்சிடும். பெரிசா அதிர்ந்தா என்ன பழுது, பொடிசா அதிர்ந்தா என்ன பழுதுன்னு."

"கீச்சல் கையில தெரியுமா?"

"தெரியாது."

"வீட்ல அண்ணிக்கு?"

"அவளுக்குத் தெரியாம இருக்குமா? டிவி சத்தத்துல பக்கத்து வீட்டுக்காரங்க வந்து சண்டை போட்டுட்டாங்க." அவர் சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. "இங்க எல்லாரும் காது காதுன்னு கூப்பிடறாங்க. நான் போய் எப்படிச் சொல்லுவேன்?"

டைப்பிங் அக்காவுக்குக் கண் கலங்கியது. அதைக் காட்டிக்கொள்ளாமல் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தார். "சரி, என் தப்பையும் கேளுங்க. நாற்பத்தொண்ணையும் ஒண்ணு மேல ஒண்ணு போட்டுக் குழப்பி வெச்சிருக்கேன். பழைய ஃபோல்டர் எல்லாம் பத்திரமா இருக்கு. முதல் சிடியைத்தான் தூக்கிப் போட்டுட்டேன், எதுக்கு எதுன்னு தெரியல. வெள்ளிக்கிழமை அனுப்பணும். உக்காருங்க."

இருபத்தைந்துக்கு அவர் ஞாபகத்திலிருந்தே ஃபோல்டரும் நம்பரும் சொல்லிவிட்டார். மீதி பதினாறு குழம்பிக் கிடந்தது. தடித்த சத்தங்களுக்கு ஸ்பீக்கரின் மேல் விரலை வைத்து, "இது கயிறு, இது மோட்டார் போல்ட் தளர்ந்தது" என்றார். மற்றதற்கெல்லாம் டைப்பிங் அக்காதான் கேட்டுச் சொல்ல வேண்டியிருந்தது.

"இது சரசரன்னு வருது."

"காஞ்ச இலை மாதிரியா, பட்டுப்புடவை மாதிரியா?"

"பட்டுப்புடவை."

"அது கதவு அடியில இருக்கற ரப்பர். அடுத்தது?"

"நறநறன்னு. இல்ல, இருங்க. மொதல்ல நற நற, அப்புறம் ஒரு க்ளுக்."

"க்ளுக்கா, களுக்கா?"

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம் அண்ணே?"

"ஒண்ணுக்கு அரை மணி நேர வேலை, இன்னொண்ணுக்கு ஒரு வார வேலை."

டைப்பிங் அக்கா மறுபடி கேட்டார், மறுபடி கேட்டார். கடைசியில் வாயைக் குவித்து அந்தச் சத்தத்தைத் தானே போட்டுக் காட்டினார். அவர் அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "களுக்" என்று தீர்ப்புச் சொன்னார். கதவைத் தட்டாமல் உள்ளே வந்த வரவேற்பறைப் பெண், அக்கா கோழி மாதிரிக் கொக்கரிப்பதைப் பார்த்து அப்படியே திரும்பிப் போனாள். இரண்டு மத்தியானங்களில் பதினாறும் தீர்ந்தது. இந்த முறை ஒவ்வொரு சத்தத்துக்கும் வேறு வேறு பெயர் வைத்து, ஸ்லைடு நம்பரையும் சேர்த்து எழுதி, பிறகுதான் மூட்டை கட்டினார்.

வேலை முடிந்ததும் அக்கா சொன்னார். "அண்ணே, மேனேஜர்கிட்ட நீங்க சொல்லணும்."

காது அண்ணனின் முகம் மாறியது. "இன்னும் ரெண்டு வருஷம்மா. ரிட்டயர் ஆயிடுவேன்."

"மெஷின் ரூம்ல தனியா இருக்கீங்க. கீழேருந்து ஒருத்தர் 'நிறுத்துங்க'ன்னு கத்தினா கேக்குமா உங்களுக்கு? லிஃப்டுக்குள்ள ஜனங்க இருக்காங்க."

"இத்தனை வருஷத்துல ஒரு தப்பு நடந்திருக்கா?"

"நடக்கல. நடந்துச்சுன்னா உங்களால தாங்க முடியுமா?"

அவர் எழுந்து வெளியே போய்விட்டார். டைப்பிங் அக்கா மேனேஜர் அறைக் கதவு வரைக்கும் இரண்டு முறை போய்த் திரும்பினார். வெள்ளிக்கிழமை வரை பார்ப்பது, அதற்குள் அவர் சொல்லவில்லை என்றால் தானே சொல்வது என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டார். புதன்கிழமை சாயங்காலம் காது அண்ணன் வீட்டுக்குப் போன் செய்து அவர் மனைவியிடமும் விஷயத்தைச் சொன்னார்.

"நானும் தொண்டை கிழியச் சொல்லிட்டேன்" என்றார் அந்த அம்மா. "வெள்ளிக்கிழமை நான் கூட்டிட்டு வரேன்."

வெள்ளிக்கிழமை இருவரும் வந்தார்கள். மனைவி வரவேற்பறையில் உட்கார்ந்துகொள்ள, அவர் மட்டும் மேனேஜர் அறைக்குள் போனார். அரை மணி நேரம் கழித்து வெளியே வந்தார். மேனேஜர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். கடைசி மூன்று வருடத்தில் அவர் கையெழுத்துப் போட்ட லிஃப்டையெல்லாம் வேறு ஒருவர் போய்ச் சோதிக்க வேண்டும் என்றாராம். காதைப் பரிசோதிக்க ஏற்பாடு செய்வதாகச் சொன்னாராம். இனி தனியாக எந்தக் கட்டடத்துக்கும் போகக் கூடாது என்றாராம்.

போகும்போது காது அண்ணன் டைப்பிங் அக்காவைத் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்குப் போன் செய்தது யார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அன்று மத்தியானம் பதினொரு சிடியும் கூரியரில் போயின. சோதனையில் ஒரே ஒரு லிஃப்டில் பேரிங் தேய்ந்திருந்தது தெரிந்தது. ஆபத்து ஒன்றும் நேர்ந்திருக்கவில்லை, மாற்றிவிட்டார்கள். அந்தச் செய்தி எட்டிய நாளிலிருந்து காது அண்ணன் யாரோடும் பேசவில்லை. ஒரு மாதம் குடோனில் உதிரிப் பாகங்களை அடுக்கினார். சாப்பாட்டு நேரத்தில் டைப்பிங் அக்கா எதிரே போய் உட்கார்ந்தால் டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து போனார். அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. செய்தது சரி என்று தெரிந்தும் நெஞ்சு ஆறவில்லை.

ஒருநாள் காலை பத்து மணிக்குக் காது அண்ணன் அக்காவின் அறைக்குள் வந்தார். இரண்டு காதுக்குப் பின்னாலும் மொச்சைக்கொட்டை அளவில் கருவி. நாற்காலியை இழுத்தார், இழுத்த சத்தத்துக்கு அவரே முகத்தைச் சுளித்தார்.

"அந்தச் சிடி ஒண்ணு இருக்கா?"

டைப்பிங் அக்கா அவசர அவசரமாக எடுத்துப் போட்டார். ஒன்பதாவது ஸ்லைடுக்கு நேராகப் போனார்கள். கீச்சல் வந்தது. அவர் புருவத்தை உயர்த்தினார். மறுபடி போடச் சொன்னார். மூன்றாவது முறையும் கேட்டார்.

"கேக்குதா அண்ணே?"

"கேக்குது. ஆனா இது அது இல்லம்மா. தகர டப்பாவுக்குள்ள எதையோ போட்டுக் குலுக்கற மாதிரி இருக்கு. எல்லாமே அப்படித்தான் இருக்கு. வீட்ல அவ பேசறதுகூட."

"நாளாக ஆகப் பழகிடும்னு டாக்டர் சொல்லலையா?"

"சொன்னார். தினமும் கேட்டுப் பழகுங்கன்னார்." அவர் சிடியின் உறையைத் திருப்பிப் பார்த்தார். "அடுத்த வாரத்துலேருந்து இன்னொரு மெக்கானிக்கோட என்னைச் சேத்து அனுப்பறாங்க. அதுக்குள்ள இந்த நாற்பத்தொண்ணும் எனக்கு மறுபடி புரியணும். இதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாமா?"

"உங்க வீட்டுக் கம்ப்யூட்டர்ல ஓடும். எல்லாம் சேந்தேதான் இருக்கு."

"உக்காருங்க" என்றார் அவர், அக்கா எழுந்திருக்கப் பார்த்ததும். "இன்னிக்கு முதல் பத்தைப் பாத்துடலாம். நான் எழுத்தை மறைச்சுக்கறேன். நான் சொல்றது சரியா தப்பான்னு நீங்க சொல்லுங்க."

கையில் இருந்த உறையால் திரையின் மேல்பாதியை மறைத்துக்கொண்டார். முதல் பத்தில் நான்கைத்தான் சரியாகச் சொன்னார். தப்பானதையெல்லாம் பென்சிலால் குறித்துக்கொண்டு, நாளைக்கு இதே நேரத்துக்கு வருவதாகச் சொல்லிப் போனார்.