காலுறைக்குள் கால்சட்டை

காலையில் அவன் பல் துலக்கினான். மகளின் கால்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகினான். இருவர் காலணியிலும் பூச்சி மருந்து தெளித்தான்.

மனைவி உண்ணிக் காய்ச்சலில் போய் நான்கு மாதம். புல்வெளியில் உண்ணி கடித்ததை மருத்துவரிடம் சொல்ல இருவருக்குமே தோன்றவில்லை. வெறும் காய்ச்சல் என்றே நாட்கள் ஓடிவிட்டன.

மாமியார் வாசலை மறித்தார். "என் பொண்ணை முழுங்கின புல்லுக்குள்ள பேத்தியையும் கூட்டிட்டுப் போறீங்களா மாப்பிள்ளை?"

"போறோம் அத்தை. வந்ததும் காது மடல், அக்குள், முழங்கால் மடிப்பு எல்லாம் பார்ப்பேன். காய்ச்சல் வந்தா டாக்டர்கிட்ட முதல் வார்த்தையே உண்ணிதான். ஆனா போவோம்."

"அவ இருந்தா விட்டிருப்பாளா?"

மருத்துவமனைக் கட்டிலில் அவள் கடைசியாகச் சொன்னதை அவன் அப்படியே சொன்னான்:

"நான் வர்றதுக்குள்ள பாப்பாவை வீட்டுல அடைச்சு வெச்சீங்க, வந்து உங்களைக் கடிச்சு வெச்சிடுவேன்."