மேனேஜர் விடுப்பில்

அப்பாவுக்கு ஃப்ரிட்ஜ் கம்பெனியின் புகார் பிரிவில் வேலை. நாள் முழுக்கத் தொலைபேசியில் மூன்றே கேள்வி: என்ன பிரச்சினை, எப்போதிலிருந்து, ப்ளக்கைக் கழற்றி மாட்டிப் பார்த்தீர்களா? பதினோரு வருஷமாக இதையே கேட்டுக் கேட்டு, மனிதருக்கு வேறு மாதிரி பேசவே வராது.

மகளிடமும் அப்படித்தான். பக்கத்தில் உட்காரும் தோழி பெஞ்சு மாறிப் போய்விட்டாள் என்று போன மாதம் அழுதுகொண்டே வந்தாள். அப்பா விவரம் கேட்டார், குறித்துக்கொண்டார், டீச்சருக்குப் போன் போட்டார். மறுநாள் டீச்சர் வகுப்பு நடுவில் அந்தத் தோழியை எழுப்பிப் பழைய இடத்துக்கே அனுப்பினார். வந்து உட்கார்ந்தவள் இன்றுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. புகார் தீர்ந்தது என்று அப்பா மட்டும் நிம்மதியாகத் தூங்கினார்.

அதற்கப்புறம் மகள் அவரிடம் எதையும் சொல்வதில்லை. பள்ளி விட்டு வந்ததும் சாப்பாட்டு மேஜைக்கடியில் நுழைந்து, எல்லாவற்றையும் பூனையிடம் கொட்டிவிடுவாள். பூனைக்குப் பெயர் மேனேஜர். அது வேலை செய்து யாரும் பார்த்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்கும், அவ்வளவுதான். கால் மணி நேரத்தில் மகள் முகம் தெளிந்து வெளியே வருவாள். அப்பா சமையலறையில் நின்று காதைத் தீட்டிப் பார்ப்பார். வெறும் முணுமுணுப்புதான் கேட்கும். பூனை மேல் பொறாமை என்று அவர் வெளியே சொல்லவில்லை. சொல்கிற விஷயமா அது?

செவ்வாய்க்கிழமை மேனேஜருக்கு வயிறு சரியில்லை. டாக்டர் ஒரு நாள் தன்னிடமே வைத்துக்கொண்டார். மகள் வழக்கம்போல மேஜைக்கடியில் போய் உட்கார்ந்தாள். முணுமுணுப்புகூடக் கேட்கவில்லை. அரை மணி நேரம் ஆயிற்று. அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. தொந்தியை எக்கிக்கொண்டு தவழ்ந்து உள்ளே போனார். தலை மேஜையில் நங்கென்று இடித்தது.

"நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்," என்றார்.

மகள் அவரை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள். "கண்ண மூடிக்கோங்க."

மூடிக்கொண்டார்.

மகள் மெதுவாக ஆரம்பித்தாள். மதியம் யாரும் கூட உட்காருவதில்லையாம். சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் போய்த் தனியாகச் சாப்பிடுகிறாளாம். 'எப்போலேர்ந்து?' என்பது அப்பாவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டார். போன் போட்ட கை இது என்று தன் கை மேலேயே ஆத்திரம் வந்தது. கால் மரத்துப் போனது. அசையவில்லை.

எல்லாம் சொல்லி முடித்து மகள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள், அவர் சட்டையில்.

"நாளைக்கு மேனேஜர் வந்துடுவான்ல?"

"வந்துடுவான்மா." நாளையோடு தன் மேஜைக்கடி வேலை போய்விடும் என்று நினைத்துக்கொண்டார்.

"அப்பவும் நீங்க வாங்கப்பா," என்றாள். "மேனேஜர் கொஞ்சம் நகந்து உக்காருவான்."